மன்னிப்புக்கு மறுநாள் நீதிமன்றத்தில் அரசு என்ன சொல்கிறது? கனடாவின் நல்லிணக்கத்தைப் புரிந்துகொள்ள

2021 ஜூனுக்குப் பிறகு கனடாவில் குடியுரிமை பெற்ற தமிழர்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். முதற்குடியினர், இனுயிட், மெட்டி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிக்கிற அரசியல் சாசனம் உட்பட, கனடாவின் சட்டங்களை மதித்து நடப்பேன் என்று குடியுரிமை உறுதிமொழியில் வருகிறது. அதற்கு முன்னால் வந்தவர்கள் எடுத்த உறுதிமொழியில் இது கிடையாது.

சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்து செய்தியைப் போட்டால் குழப்பம் தொடங்கிவிடும். ஒரு பக்கம் பிரதமர் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறார், கண் கலங்குகிறார். இன்னொரு பக்கம் அதே அரசின் வழக்கறிஞர்கள் அதே மக்களுக்கு எதிராக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும். அப்படியானால் 'நல்லிணக்கம்' என்று சொல்வது எதை?

நம்மில் பலருக்கு இந்தச் சொல் 2010இல் இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வழியாகப் பழக்கமானது. ஆணைக்குழு, அறிக்கை, பரிந்துரைகள், அதற்கப்புறம் நீண்ட மௌனம் என்ற வரிசை நமக்குத் தெரிந்ததுதான். கனடாவின் கதை அதிலிருந்து ஓர் இடத்தில் பெரிதாக மாறுபடுகிறது. இங்கே பூர்வகுடிகளுக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை தலைவர்களின் மனமாற்றத்தால் வரவில்லை. அந்த மக்கள் வழக்குப் போட்டும் சாலையில் உட்கார்ந்தும் வாங்கியவை அவை. அதனால் கனடாவில் ஒரு தலைவரை மதிப்பிட அவருடைய உரை போதாது, அவருடைய அரசு நீதிமன்றத்தில் எடுக்கும் நிலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் போகிறது.

யார் இந்த மக்கள், எதன் மேல் உரிமை

கனடாவின் அரசியல் சாசனம் மூன்று மக்களைப் பூர்வகுடிகள் என்கிறது. நாடு முழுக்கப் பரவியிருக்கும் முதற்குடியினர், வடதுருவப் பகுதியின் இனுயிட், ஐரோப்பியத் தோல் வணிகர்களுக்கும் முதற்குடிப் பெண்களுக்கும் பிறந்த வழியில் தனி மக்களாக உருவான மெட்டி. 2021 கணக்கெடுப்பின்படி மூவரும் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர், மக்கள்தொகையில் 5 சதவீதம். முதற்குடியினரில் மட்டுமே 600க்கும் மேற்பட்ட சமூகங்கள் இருக்கின்றன. க்ரீ, மோஹாக், ஹைடா, நிஸ்கா என்று ஒவ்வொருவருக்கும் மொழியும் நிலமும் ஆட்சிமுறையும் வேறு வேறு.

இவர்களோடு பிரிட்டிஷ் முடியரசு செய்துகொண்டவைதான் உடன்படிக்கைகள். கையெழுத்திட்டது அரசர் பெயரில் என்பதால் இன்றும் சட்ட மொழியில் எதிர்த்தரப்பு 'முடி' என்றே அழைக்கப்படுகிறது. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் முடியின் வாக்கு அந்த அரசைக் கட்டுப்படுத்தும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பத்திரத்தில் நிலம் கைமாறியது என்று இருக்கும். நிலத்தைப் பகிர்ந்து வாழ ஒப்புக்கொண்டோமே தவிர விற்கவில்லை என்று முதற்குடிப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

டொரொன்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசாகா மக்களிடமிருந்து இந்த நிலம் வாங்கப்பட்டதாகச் சொல்லும் 1805ஆம் ஆண்டுப் பத்திரத்தில் விலை 10 ஷில்லிங். அது நியாயமான கொள்முதல் இல்லை என்ற கோரிக்கை 2010இல் 14.5 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ பக்கம் 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளோடு தொடர்புடையது. அந்த வழக்கு 2018இல் சுமார் 110 கோடி டாலரில் தீர்ந்தது.

ஹியூரன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரையில் 1850இல் செய்துகொண்ட ராபின்சன் உடன்படிக்கைகளின்படி ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை தரப்பட வேண்டும். நிலத்தின் வருமானம் கூடினால் தொகையும் கூடும் என்பது நிபந்தனை. அந்த நிலத்திலிருந்து சுரங்கமும் மரமும் கோடி கோடியாகக் கொடுத்தன. 1875இல் தலைக்கு 4 டாலர் என்று நிர்ணயித்தார்கள். 2024இலும் அது 4 டாலராகவே இருந்தது. 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம், முடி தன் வாக்கை மிக மோசமாக மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஹியூரன் பக்கத்து மக்களோடு அதற்கு முந்தைய ஆண்டே 1,000 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டிருந்தது. அந்த 4 டாலரை 1875க்குப் பிறகு உயர்த்தியிருக்க வேண்டிய பிரதமர்கள் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வழக்குப் போடுவதே குற்றமாக இருந்த காலம்

உடன்படிக்கைகள் இரு தரப்பைச் சமமாக வைத்துப் பேசின. 1876இல் வந்த இந்தியர் சட்டம் ('இந்தியர்' என்று அது சொல்வது முதற்குடியினரை) அவர்களைச் சிறுபிள்ளைகளாக வைத்து எழுதப்பட்டது. யார் சட்டப்படி 'இந்தியர்' என்பதை அரசு பதிவேட்டில் எழுதித் தீர்மானிக்கும். அவர்களுக்கு ஒதுக்கிய நிலம் அவர்கள் பெயரில் இருக்காது, முடியின் பெயரில் இருக்கும். பதிவேட்டில் இல்லாத ஆணை மணந்த பெண்ணின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். 1985 வரை இது நடந்தது. பசிபிக் கரையின் பாட்லாட்ச் போன்ற சடங்குகள் 1951 வரை சட்டப்படி தடை. கூட்டாட்சித் தேர்தலில் பதிவுபெற்ற இந்தியர்கள் தங்கள் நிலையை இழக்காமல் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் வந்தது.

இவற்றில் பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. 1927 முதல் 1951 வரை, நில உரிமைக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதும், அந்தப் பணத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் குற்றம். நிலத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கேட்கும் வழியையும் அடைத்தார்கள். நீதிமன்றம் பூர்வகுடி அரசியலில் ஏன் இவ்வளவு பெரிய இடம் பிடித்தது என்பதற்கு இந்த 24 ஆண்டுகள் ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். மூடி வைத்திருந்த கதவு அது.

உறைவிடப் பள்ளிகள்

கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்டின் அரசு 1880களில் ஒரு கொள்கையை வகுத்தது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கிறிஸ்தவச் சபைகள் நடத்தும் உறைவிடப் பள்ளிகளில் வைத்தால், மொழியும் வழக்கமும் ஒரு தலைமுறையில் அறுந்துவிடும் என்பது எண்ணம். 1920இல் அது கட்டாயமானது. 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்தப் பள்ளிகள் வழியாகப் போனார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். அங்கே படித்தவர்களில் பலர் இன்னும் ஐம்பது வயதைத் தாண்டவில்லை.

1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பாட்டி புதிதாக ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சந்தோஷத்தில் அதைப் போட்டுக்கொண்டு போனாள். முதல் நாளே சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஃபிலிஸ் வெப்ஸ்டாட் பெரியவராகி இதைச் சொன்ன பிறகுதான் செப்டம்பர் 30இல் கனடா முழுக்கப் பிள்ளைகள் ஆரஞ்சு நிறம் அணியும் வழக்கம் வந்தது. நம் பிள்ளைகளும் அன்று ஆரஞ்சுச் சட்டை கேட்பது இதனால்தான்.

நிலைமை அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மருத்துவர் பீட்டர் பிரைஸ் 1907இலேயே, இந்தப் பள்ளிகளில் காசநோயால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அவர் ஓரங்கட்டப்பட்டார். 1922இல் தானே அச்சிட்டு வெளியிட்டார்.

இங்கே ஒரு தொழில்நுட்பக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2021 மே மாதம் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் 215 கல்லறைகள் என்று செய்தி வந்தது. நிலத்தடி ரேடார் எலும்பைக் காட்டாது; மண் கலைக்கப்பட்ட இடத்தைக் காட்டும். ஆய்வாளர்கள் பின்னர் சுமார் 200 என்றும், 'கல்லறையாக இருக்கக்கூடியவை' என்றும் திருத்திச் சொன்னார்கள். தோண்டிப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு 'யாரும் சாகவில்லை' என்று பேசுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். குழந்தைகள் இறந்தார்கள் என்பதற்கு ரேடார் தேவையே இல்லை. பள்ளி, தேவாலய, அரசுப் பதிவேடுகளிலிருந்து உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையம் தொகுத்த பட்டியலில் 4,100க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

தலைவர்களை நகர்த்தியது எது

சரி, இவ்வளவுக்கும் பிறகு மாற்றம் எப்படி வந்தது? ஐந்து திருப்பங்கள்.

1. 1969, வெள்ளை அறிக்கை. பியேர் ட்ரூடோவின் அரசில் இந்தியர் விவகார அமைச்சராக இருந்தவர் ஜான் கிரெட்டியன். இந்தியர் சட்டத்தையும் தனி நிலையையும் ஒழித்துவிட்டு எல்லோரையும் சமமான குடிமக்கள் ஆக்குவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நிலத்தையும் உடன்படிக்கையையும் பறிகொடுத்த பிறகு வருகிற சமத்துவம், பறித்ததைக் கணக்கிலிருந்து அழித்துவிடும். ஹரால்ட் கார்டினல் என்ற இளம் க்ரீ தலைவர் முன்னின்று, முதற்குடியினர் 'சிவப்பு அறிக்கை' என்று பெயர் பெற்ற பதிலை 1970இல் கொடுத்தார்கள். அரசு பின்வாங்கியது.

2. 1973, கால்டர் வழக்கு. நிஸ்கா மக்கள் தொடர்ந்த வழக்கு. அவர்கள் தொழில்நுட்பக் காரணத்தால் தோற்றார்கள். ஆனால் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அவர்களுக்கு நில உரிமை இருந்தது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வரலாற்று உரிமை என்று எதுவும் இல்லை என்று நம்பியிருந்த அதே பியேர் ட்ரூடோவின் அரசு, நிலக் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்கும் முறையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

3. 1982, 35ஆவது பிரிவு. புதிய அரசியல் சாசனத்தில் பூர்வகுடி உரிமைக்கு உறுதியான இடம் இல்லாதபோது, ஜார்ஜ் மேனுவலின் முயற்சியில் 1980இல் வான்கூவரிலிருந்து தலைநகர் ஒட்டாவாவுக்கு ரயிலில் நூற்றுக்கணக்கானோர் கிளம்பிப் போனார்கள். இத்தகைய நெருக்குதலின் விளைவுதான் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் காக்கும் 35ஆவது பிரிவு. குடியுரிமை உறுதிமொழியில் வருவது இந்தப் பிரிவுதான்.

4. 1990, ஒரு கழுகு இறகு. கியூபெக்கைச் சமாதானப்படுத்த மீச் லேக் ஒப்பந்தம் என்று ஓர் அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. பூர்வகுடிகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மானிடோபா சட்டமன்றத்தில் அதை நேரத்துக்குள் எடுத்துக்கொள்ள எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும். எலைஜா ஹார்ப்பர் என்ற உறுப்பினர், உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர், கையில் கழுகு இறகைப் பிடித்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்றார். கெடு முடிந்தது, ஒப்பந்தம் செத்தது. மூன்று வாரத்தில் கியூபெக்கின் ஓகாவில், மோஹாக் மக்களின் இடுகாட்டை ஒட்டிய மரத்தோப்பில் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கும் திட்டத்துக்கு எதிராக 78 நாள் மோதல். ராணுவம் வந்தது. இதற்கெல்லாம் பிறகே பிரதமர் முல்ரோனி பூர்வகுடி மக்கள் பற்றிய அரச ஆணையத்தை அமைத்தார்.

5. 2006, உறைவிடப் பள்ளித் தீர்வு உடன்பாடு. இதைத்தான் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் தப்பிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். முதற்குடியினர் பேரவையின் தலைவர் ஃபில் ஃபொன்டேன் தனக்கு நேர்ந்த கொடுமையை 1990லேயே வெளிப்படையாகப் பேசியவர், அவரும் முன்னின்றார். வழக்குகளை முடித்துக்கொள்ள அரசும் சபைகளும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் ஒன்றுதான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். அரசு இரக்கப்பட்டு அமைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் வழக்காடி அமைக்க வைத்தது அது.

2008 ஜூன் 11

அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பூர்வகுடித் தலைவர்கள் அவையின் நடுவே வட்டமாக உட்கார வைக்கப்பட்டார்கள். ஃபொன்டேன் இறகுத் தலைப்பாகையோடு வந்தார். 'குழந்தைக்குள் இருக்கும் இந்தியனைக் கொல்வது' என்று பேசப்பட்டு வந்த நோக்கம் தவறு என்று பிரதமரே அவையில் சொன்னார். இதைக் கேட்டு அழுத முதியவர்கள் ஏராளம். அந்த நாளை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். உன்னைப் பொய் சொல்கிறாய் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்த அரசு, நீ சொன்னது உண்மை என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

அதே ஆட்சி முந்தைய ஆண்டு ஐ.நா.வில் என்ன செய்தது? பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. மன்னிப்புக்கு அடுத்த ஆண்டு, 2009இல், பிட்ஸ்பர்கில் ஜி20 மாநாட்டின்போது, கனடாவுக்குக் காலனியாதிக்க வரலாறு கிடையாது என்று அதே பிரதமர் பேசினார்.

நீதிபதி மர்ரி சின்க்ளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 6,500க்கும் மேற்பட்டவர்களின் சாட்சியத்தைக் கேட்டு, நடந்தது 'பண்பாட்டு இனப்படுகொலை' என்று 2015இல் முடிவு சொன்னது. 94 செயல் அறைகூவல்களை வெளியிட்டது. அனைத்தையும் நிறைவேற்றுவேன் என்ற வாக்குறுதியோடு ஜஸ்டின் ட்ரூடோ ஆட்சிக்கு வந்தார். அறைகூவல்களில் முதல் ஐந்தும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தைகளைப் பற்றியவை. உறுதிமொழியை மாற்றுவது 94ஆவது, கடைசி. எது முதலில் முடிந்தது என்று உங்களுக்கே தெரியும்.

குழந்தைகள் வழக்கு: சொல்லும் செயலும் பிரிந்த இடம்

முதற்குடியினருக்கான ஒதுக்கீட்டு நிலங்களில் குழந்தைகள் நலச் சேவைக்குக் கூட்டாட்சி அரசு பணம் கொடுக்கிறது. மற்ற இடங்களில் மாகாணம் கொடுக்கிறது. கூட்டாட்சி அரசு குறைவாகக் கொடுத்தது, அதுவும் கோணலாகக் கொடுத்தது. ஒரு தாய்க்கு வீட்டு வாடகையிலோ குடிப்பழக்கத்திலோ உதவி செய்து பிள்ளையை அவளிடமே வைத்திருக்கப் பணம் போதாது. பிள்ளையைப் பிரித்து வேறு வீட்டில் வைத்தாலோ அந்தச் செலவு முழுசாக வந்துவிடும். ஆக, விதியே பிரிக்கும் பக்கம் தள்ளியது. 2021 கணக்கெடுப்பில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம், வளர்ப்பு வீடுகளில் இருக்கும் அந்த வயதுக் குழந்தைகளில் 53.8 சதவீதம். உறைவிடப் பள்ளி மூடிவிட்டது, குழந்தைகள் வீட்டைவிட்டுப் போவது நிற்கவில்லை.

சிண்டி பிளாக்ஸ்டாக் என்ற கிட்க்சான் பெண் நடத்தும் அமைப்பும் முதற்குடியினர் பேரவையும் 2007 பிப்ரவரியில் கனடா மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தன; அது பிறகு மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்ததைத் தேதியோடு பாருங்கள்.

1. ஹார்ப்பர் அரசு மன்னிப்புக் கேட்டது 2008இல். அதே அரசு, இந்தப் புகாரை விசாரிக்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று பல ஆண்டுகள் வாதாடியது.
2. 2016 ஜனவரியில் தீர்ப்பாயம், கனடா இனப் பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்தது. இப்போது ஆட்சி ட்ரூடோவுடையது. தீர்ப்பை ஏற்பதாக அரசு சொன்னது. ஆனால் நடைமுறைப்படுத்தவில்லை என்று தீர்ப்பாயம் மீண்டும் மீண்டும் உத்தரவு போட வேண்டி வந்தது.
3. 2019 செப்டம்பரில், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 40,000 டாலர் இழப்பீடு என்று உத்தரவு. தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் போனது.
4. 2021 செப்டம்பர் 29 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மறுநாள் செப்டம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான முதலாவது தேசிய நாள்.
5. ஒரு மாதம் கழித்து அரசு மேல்முறையீடு செய்தது, கூடவே பேச்சுவார்த்தையும் தொடங்கியது. முடிவில் 2,334 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2023 அக்டோபரில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது.

அந்த முதல் தேசிய நாளில் பிரதமர் டோஃபினோ கடற்கரைக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விட்டார் என்று ஊடகங்கள் வாரக்கணக்கில் எழுதின. அவர் மன்னிப்பும் கேட்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஐந்தாவது வரியின் முதல் பாதி. கடற்கரைக்குப் போனது ஒரு நாளின் தவறு. மேல்முறையீடு என்பது அமைச்சரவை யோசித்து எடுத்த முடிவு.

இதே வழக்கில் அடிக்கடி வரும் 'ஜோர்டன் கொள்கை' என்பதற்கும் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறான். மானிடோபாவின் நார்வே ஹவுஸைச் சேர்ந்த அவனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மாகாணமும் ஒட்டாவாவும் இரண்டு ஆண்டுக்கும் மேல் சண்டை போட்டன. 2005இல் ஐந்து வயதில் மருத்துவமனையிலேயே இறந்துபோனான். முதலில் சேவையைக் கொடு, பணச்சண்டையை அப்புறம் போடு என்பதுதான் அந்தக் கொள்கை.

குழாயில் வராத தண்ணீர்

வின்னிபெக் நகரம் 1919 முதல் ஷோல் ஏரியிலிருந்து கால்வாய் வழியாகக் குடிநீர் எடுக்கிறது. அந்த ஏரிக்கரையில் இருப்பது ஷோல் லேக் 40 என்ற முதற்குடிச் சமூகம். நகரத்துக்கு வரும் தண்ணீர் கலங்காமல் இருக்க வெட்டிய வாய்க்கால் அவர்களுடைய நிலத்தைத் தீவாக்கிவிட்டது. வெளியே போகக் கோடையில் படகு, குளிரில் உறைந்த ஏரி. பனி இளகும் பருவத்தில் ஏரியில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. வின்னிபெக்கில் குழாயைத் திறந்தால் அவர்கள் ஏரியின் தண்ணீர். அவர்களுக்கோ 1997 முதல் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் எச்சரிக்கை, குடிக்கப் புட்டித் தண்ணீர். 2014இல் வின்னிபெக்கில் மனித உரிமைகள் அருங்காட்சியகம் திறந்தபோது, அதன் நீர்த்தடாகங்களில் நிரம்பியிருந்ததும் அந்த ஏரியின் தண்ணீர்தான். ஊர்க்காரர்கள் தங்கள் தீவையே 'மனித உரிமை மீறல்களின் அருங்காட்சியகம்' என்று அறிவித்து, வந்து பாருங்கள் என்றார்கள். 2019இல் சாலை வந்தது. 2021இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

ட்ரூடோ 2015இல் பதவிக்கு வந்தபோது, ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய எச்சரிக்கைகள் 105. 2021 மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் நீக்குவேன் என்றார். நீக்கியவை 140க்கும் மேல். புதிதாகச் சேர்ந்தவையும் உண்டு என்பதால் 2025இலும் முப்பதுக்கும் மேல் மிச்சம். முந்தைய எந்த அரசோடு ஒப்பிட்டாலும் இது பெரிய வேலை, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஏன் முடியவில்லை? மாகாணங்களின் குடிநீர்ச் சட்டங்கள் ஒதுக்கீட்டு நிலத்தில் செல்லாது. அங்கே கட்டாயமான தரம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. நிலம் முடியின் பெயரில் இருப்பதால் அதை அடகு வைத்துக் கடன் வாங்குவதும் கடினம். ஆகவே பெரும்பாலும் ஒட்டாவாவின் ஆண்டு நிதியைப் பொறுத்தது. இதற்குச் சட்டம் கொண்டுவரும் மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது காலாவதியானது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஷமட்டாவா முதற்குடியினர் தொடர்ந்த வழக்கில், முதற்குடியினருக்குச் சுத்தமான தண்ணீர் கிடைப்பதை உறுதிசெய்யும் சட்டக் கடமை கனடாவுக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். தண்ணீர் தருவோம் என்று மேடையில் சொன்ன அதே அரசு.

ஏன் இப்படி நடக்கிறது

இதை வெறும் போலித்தனம் என்று ஒதுக்கிவிட்டால் புரியாது. மன்னிப்பு பழைய அரசைப் பற்றியது. வழக்கு இன்றைய கருவூலத்தைப் பற்றியது. ஒரு வழக்கில் கடமையை ஒப்புக்கொண்டால் அடுத்த நூறு வழக்குகளிலும் அது முன்னுதாரணமாகும் என்று நீதித்துறை அமைச்சகமும் நிதி அமைச்சகமும் பயப்படுகின்றன. அந்தப் பயத்தை அமைச்சரவை மேஜையில் எதிர்த்து நின்று, 'இந்த வழக்கை நாம் நடத்தக் கூடாது' என்று சொல்வதுதான் தலைமை. கேமரா இல்லாத அறையில் நடக்கும் காரியம் என்பதால் அதற்குக் கைதட்டல் கிடைக்காது.

முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. வின்னிபெக்கில் கொல்லப்பட்ட இரண்டு முதற்குடிப் பெண்களின் உடல்கள் நகருக்கு வெளியே உள்ள பிரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் கிடக்கின்றன என்று தெரிந்தும், ஆபத்து என்றும் செலவு என்றும் சொல்லி அன்றைய மானிடோபா அரசு தேட மறுத்தது. 2023 தேர்தலில் அதையே விளம்பரமாகவும் போட்டது. வென்றவர் வாப் கினியூ, உறைவிடப் பள்ளியில் தப்பிப் பிழைத்தவரின் மகன், ஒரு மாகாணத்தின் முதல்வரான முதல் முதற்குடியினர். தேடல் 2024 டிசம்பரில் தொடங்கியது. சில மாதங்களிலேயே இருவரின் எச்சங்களும் கிடைத்து, குடும்பங்கள் அடக்கம் செய்ய முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா அரசும் 2024 ஏப்ரலில், 2002இலிருந்து கிடந்த வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திராமல், ஹைடா க்வாய் தீவுகள் முழுவதும் ஹைடா மக்களின் நிலம் என்று உடன்பாட்டில் ஏற்றுக்கொண்டது.

'கலந்தாலோசித்தோம்' என்பதற்கும் 'சம்மதித்தார்கள்' என்பதற்கும் நடுவே

இனிவரும் செய்திகளைப் படிக்க இரண்டு சொற்கள் தெரிய வேண்டும். உச்ச நீதிமன்றம் 2004இல் ஹைடா வழக்கில், பூர்வகுடி உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவு எடுக்கும் முன் அவர்களோடு கலந்தாலோசிப்பது முடியின் கடமை என்றது. இது மறுக்கும் அதிகாரத்தைத் தராது. ஐ.நா. பிரகடனமோ, கட்டாயமில்லாமல், முன்கூட்டியே, முழுத் தகவலோடு பெறும் இசைவு பற்றிப் பேசுகிறது. 2021 ஜூனில் அந்தப் பிரகடனத்துக்கு ஏற்பக் கூட்டாட்சிச் சட்டங்களை மாற்றுவதாக ஒரு சட்டமே நிறைவேறியது. கேட்டுவிட்டுச் செய்வதா, சம்மதம் வாங்கிச் செய்வதா என்பது இன்னும் தீரவில்லை.

ட்ரூடோவுக்குப் பின் வந்த பிரதமர் மார்க் கார்னியின் அரசு 2025 ஜூனில் சி-5 என்ற மசோதாவை ஒரே மாதத்தில் நிறைவேற்றியது. தேச நலனுக்கானவை என்று அறிவிக்கும் சுரங்கம், குழாய்வழி, துறைமுகத் திட்டங்களுக்கு அனுமதியை வேகப்படுத்தும் சட்டம் அது. அமெரிக்க வரிகளுக்கு எதிராகப் பொருளாதாரத்தை வலுப்படுத்த அவசரம் என்றார்கள். முதற்குடித் தலைவர்களோடு பெரிய சந்திப்பு ஜூலை 17இல், சட்டம் நிறைவேறிய பிறகு, நடந்தது. ஒன்டாரியோவும் இதேபோல 5ஆம் எண் மசோதாவைக் கொண்டுவந்திருந்தது. இரண்டையும் எதிர்த்து ஒன்பது முதற்குடிச் சமூகங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன.

இரு அரசுகளும் கண் வைத்திருக்கும் இடங்களில் ஒன்று, வடக்கு ஒன்டாரியோவில் 'நெருப்பு வளையம்' என்று பெயரிடப்பட்ட கனிமப் பகுதி. அதற்குச் சாலை போட அட்டவாபிஸ்காட் ஆற்றைக் கடக்க வேண்டும். அந்த நீர்வழியில் இருக்கிறது விமானத்தில் மட்டுமே போகக்கூடிய நெஸ்கன்டாகா என்ற சின்ன ஊர். எங்கள் இசைவு இல்லாமல் ஆற்றைக் கடக்காதீர்கள் என்று அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கனடாவிலேயே மிக நீண்ட குடிநீர் எச்சரிக்கை அந்த ஊருடையது. 1995 பிப்ரவரியில் போட்டது. அன்று பிறந்த குழந்தைக்கு 2025இல் முப்பது வயது ஆனபோதும் அது நீக்கப்படவில்லை.